பஞ்சு படியும் பக்கம்

அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார். ஆற்றங்கரைப் பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் கொடுத்து முடிக்கவேண்டிய இரண்டு கல்யாண வீடியோக்கள் என் கையில் இருந்தன. மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறைதான் எனக்கு எடிட்டிங் அறை. ஏசி கிடையாது. மதியம் இரண்டு மணிக்குச் சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானி 38 காட்டும்.

அந்த வாரம் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தது. எடிட் செய்த வீடியோவை முழுக் கோப்பாக எழுதி எடுக்கும் எக்ஸ்போர்ட் நாற்பது நிமிடத்தில் முடியும், அது ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரின் வெப்பம் 100 டிகிரியைத் தொட்டு அங்கேயே நின்றது. என்னிடம் இருக்கும் இன்டெல் பிராசஸருக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டுவிட்டால், கருகாமல் இருப்பதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் நீண்டதற்குக் காரணம் அதுதான்.

சாதாரணக் கூலர் என்றால் பிராசஸரின் தலைமேலேயே ஃபேன் உட்கார்ந்திருக்கும். என்னுடையது லிக்விட் கூலர். பிராசஸர்மேல் ஒரு பம்ப். அதிலிருந்து இரண்டு டியூப். டியூப்களின் மறுமுனையில், கம்ப்யூட்டர் கூடான கேபினட்டின் முன்பக்கம், 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர். அதில் 120 மில்லிமீட்டர் ஃபேன் மூன்று. சூட்டைத் திரவம் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்கிவைக்கும், ஃபேன் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய கடையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். அதன்பிறகு நான் திறந்து பார்த்ததே இல்லை.

முதலில் பம்ப் போய்விட்டதோ என்று பயந்தேன். கையை வைத்துப் பார்த்தால் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது, டியூப்களும் சூடாக இருந்தன. ஃபேன் மூன்றும் முழு வேகத்தில் இரைந்தன. முன்பக்க வலையை ஞாயிற்றுக்கிழமைதோறும் கழற்றிக் கழுவுகிறேன், அதிலும் தூசி இல்லை. அப்புறம்தான் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ரேடியேட்டருக்குப் பின்னால் உள்ளங்கையை நீட்டினேன். ஃபேன் அப்படிச் சுற்றுகிறது, கைக்குக் காற்றே வரவில்லை.

ஃபேன்களைக் கழற்றியபோது விஷயம் தெரிந்தது. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், ஃபேன் இறக்கை சுற்றும் அதே வட்டத்தில், மூன்று பஞ்சு வில்லைகள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கம்பளித் துண்டுபோல ஒரே தாளாக உரிந்து வந்தது. ஃபேன்கள் இரண்டு வருடமாக ஊதி ஊதி நெய்த துணி அது.

செல்லூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் இன்றும் விசைத்தறி ஓடுகிறது. ஜன்னல் கம்பியில், சாமி படத்தின் சட்டத்தில், ஒட்டடைக்குச்சியில் எங்கும் நூல் பஞ்சு. வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும். மெல்லிய இழை அதன் கண்ணில் நுழைந்து, ஃபேனையும் தாண்டி, ரேடியேட்டரின் தகடுகளில் போய் மாட்டிக்கொள்ளும். தகடுகளுக்கு இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டரைச் சுற்றிய இடைவெளி. ஒரு இழை மாட்டினால் போதும், அடுத்த இழைக்கு அது கொம்பாகிவிடும்.

அப்பா கைத்தறியில் இருந்தவர். அந்த ரேடியேட்டரை மடியில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தறி அச்சு மாதிரியில்ல இருக்கு" என்றார். சரியான பார்வை. பாவு நூல்கள் நுழைந்து போகும் அச்சின் பற்களும் இப்படித்தான் நெருக்கமாக, மெல்லிசாக இருக்கும். "அச்சுல பஞ்சு அடைஞ்சா தினமும் தேச்சு எடுப்போம். கைக்கு எட்டுற எடத்துல இருக்கும். இத எப்படிறா எடுப்ப?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் மறுநாள் தத்தனேரி போகும் வழியில் இருக்கும் ரேடியேட்டர் பட்டறைக்குப் போனேன்.

லாரி, டிராக்டர் ரேடியேட்டர்களைப் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் அங்கே இருக்கிறார். சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கம். வளைந்திருந்த சில தகடுகளையும் நிமிர்த்தித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று கேபினட்டோடு கொண்டுபோனேன். அவர் ரேடியேட்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அலுமினியமா? அப்ப நல்லாக் கேட்டுக்க. செம்பு, பித்தளைன்னா ஈயம் வச்சு அடைச்சிருவேன். இதுல ஓட்டை விழுந்தா என்கிட்ட கொண்டு வராத" என்றார். பிறகு ஃபேன் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். முன்பக்கம், ரேடியேட்டருக்கு வெளியே இருந்து உள்ளே ஊதுகிற மாதிரி என்றேன்.

"லாரியில ஃபேன் எங்கிட்டு இருக்கு தம்பி?"

"ரேடியேட்டருக்குப் பின்னாலண்ணே. இன்ஜின் பக்கம்."

"அப்ப பூச்சி, வைக்கோல், சேறு எல்லாம் எங்கிட்டு வந்து அப்பும்?"

"முன்னாடி மூஞ்சியில."

"பைப்ப வச்சு ஒரு அடி அடிச்சா போயிரும். ஃபேனை முன்னாடி வச்சிருந்தா ஒவ்வொரு தடவையும் அதைக் கழட்டிட்டுல்ல கழுவணும்?"

லாரியில் ஃபேன் பின்னால் இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. இன்ஜினின் சுழற்சியிலிருந்துதான் அது சுற்ற வேண்டும், அதனால் இன்ஜின் பக்கம்தான் இருந்தாக வேண்டும். ஆனாலும் அண்ணன் சொன்னது என் அறைக்கு அப்படியே பொருந்தியது.

ரேடியேட்டரில் ஃபேனை இரண்டு விதமாக வைக்கலாம். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்து அதற்குள் காற்றைத் தள்ளுவது ஒன்று, பின்னால் வைத்து அதன் வழியாகக் காற்றை இழுப்பது இன்னொன்று. கூலர் பெட்டியோடு வரும் படத்தில் பெரும்பாலும் தள்ளுகிற முறைதான் போட்டிருக்கும், கடைக்காரர்களும் அப்படியே பொருத்துவார்கள். 27 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வழக்கமான ரேடியேட்டரில் இரண்டுக்கும் குளிர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. தள்ளுகிற முறை ஓரிரு டிகிரி முந்தலாம். இரண்டு பக்கமும் ஃபேன் வைத்து ஆறாகப் போடுகிறவர்களும் உண்டு. தடித்த ரேடியேட்டருக்கு அது ஓரளவு உதவும். என்னுடையது மாதிரி மெல்லிசான ரேடியேட்டருக்குக் கொடுக்கிற காசுக்கும் இரைச்சலுக்கும் அது ஈடாகாது என்பது என் எண்ணம்.

வித்தியாசம் பஞ்சில்தான் இருக்கிறது. காற்று ரேடியேட்டருக்குள் நுழையும் முகத்தில்தான் தூசி படியும். தள்ளுகிற முறையில் அந்த முகத்தை ஃபேன் மூடிக்கொள்கிறது. இழுக்கிற முறையில் அந்த முகம் வலைக்கு நேரே பின்னால் திறந்து கிடக்கும். வலையை எடுத்தால் தூசி கண்ணில் படும், கையும் எட்டும். எங்கள் வீட்டு ஏர் கூலரையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். பாய்கள் வெளிப்புறம், ஃபேன் உள்ளே. ஈரப்பாய் வழியாகக் காற்றை இழுத்துத்தான் நம் பக்கம் விடுகிறது. பாயில் படிந்த அழுக்கைக் கழுவ ஃபேனைத் தொட வேண்டியதே இல்லை.

ஏசி அறையில், தூசி குறைந்த இடத்தில் இருப்பவர்களுக்கு இது அற்பமான வித்தியாசமாக இருக்கலாம். செல்லூரிலும், வைகை மணல் பறக்கும் ஆற்றோரத்திலும், ரோடு போடுகிறோம் என்று தோண்டிப் போட்ட தெருக்களிலும் இருப்பவர்கள் அந்த ஓரிரு டிகிரியை விட்டுக்கொடுத்து இழுக்கிற முறைக்கே போகலாம். புதிதாக இருக்கும் நாளில் கிடைக்கிற ஓரிரு டிகிரியைப் பஞ்சு ஆறே மாதத்தில் தின்றுவிடுகிறது.

மாற்றிப் பொருத்துவது என்று முடிவு செய்தபின், ரேடியேட்டரை முன்பக்கமே வைப்பதா, மேலே கொண்டுபோவதா என்று யோசித்தேன். மேலே வைத்தால் கேபினட்டுக்குள், திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் கிராபிக்ஸ் கார்டு கக்குகிற சூட்டோடு கலந்த காற்றுதான் ரேடியேட்டர் வழியாக வெளியேறும். முன்னால் வைத்தால் அறைக் காற்று நேரே ரேடியேட்டருக்குக் கிடைக்கும், ஆனால் அதில் சூடான காற்று உள்ளே போய்க் கிராபிக்ஸ் கார்டைச் சில டிகிரி கூட்டும். எந்த ரேடியேட்டரும் தனக்குக் கிடைக்கும் காற்றைவிடத் திரவத்தைக் குளிர வைக்க முடியாது. அக்கினி நட்சத்திரத்தில் என் அறைக் காற்றே 38 டிகிரி. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரியும் எனக்குக் கணக்கு. எடிட்டிங்கில் பிராசஸர்தான் எனக்கு முதலில் திணறுகிறது என்பதால் முன்பக்கமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விளையாட்டுக்காகவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மேலே வைப்பதே நல்லது, கிராபிக்ஸ் கார்டுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும்.

எங்கே வைத்தாலும் ஒன்றை மீறக்கூடாது. ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கவேண்டும். திரவத்தோடு கொஞ்சம் காற்றும் உள்ளே இருக்கும், வருடங்கள் போகப்போகத் திரவம் டியூப் வழியே மெல்லக் கசிந்து ஆவியாவதால் அது கூடும். காற்று எப்போதும் உச்சியைத்தான் தேடும். உச்சி ரேடியேட்டரில் இருந்தால் அங்கே ஒதுங்கிக் கிடக்கும். பம்ப் உச்சியாகிவிட்டால் பம்புக்குள் காற்று சேர்ந்து கடகடவென்று சத்தம் வரும், பம்பின் ஆயுளும் குறையும். அதனால்தான் ரேடியேட்டரைக் கேபினட்டின் அடியில் பொருத்துவது ஆகாது. முன்பக்கம் நிறுத்தும்போது டியூப் கீழே இருக்கும்படி வைத்தேன், கார்டை இடிக்காமல் டியூப் எட்டினால் அதுவே நல்லது.

இனி திருகாணிகள். இந்த வேலையில் தவறு நடந்தால் பெரும்பாலும் இங்கேதான் நடக்கும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கூலர் பெட்டியில் இரண்டு வகைத் திருகாணி வரும். ஒன்று நீளம், ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபேனின் ஓட்டை வழியாக முழுவதும் போய், மிச்சமிருக்கும் கொஞ்ச நீளத்தில் ரேடியேட்டரின் மரையைப் பிடிக்கும். இன்னொன்று குட்டை, ஐந்தாறு மில்லிமீட்டர். ரேடியேட்டரை நேரடியாகக் கேபினட் தகட்டோடு இணைக்க. தள்ளுகிற முறையில் பொருத்தியபோது நீளத் திருகாணிகள் கேபினட் தகடு, ஃபேன் இரண்டையும் கடந்து ரேடியேட்டரைப் பிடித்திருந்தன. இழுக்கிற முறைக்கு மாறியதும் ரேடியேட்டர் கேபினட் தகட்டோடு ஒட்டி உட்காரும். அங்கே குட்டைத் திருகாணி. ஃபேன்கள் உள்பக்கம் வரும். அங்கே நீளத் திருகாணி. பழைய ஓட்டையில் பழைய திருகாணியையே போட்டுவிடலாம் என்று கை பழக்கத்தில் போனால் ஆபத்து. மரைக்குப் பின்னால் சில மில்லிமீட்டரில் தகடும், திரவம் ஓடுகிற தட்டைக் குழாயும் இருக்கின்றன. அலுமினியக் குழாய், சுவர் மெல்லிசு. திருகாணி நுனி அதைத் தொட்டால் குத்திக்கொண்டு உள்ளே போய்விடும். கையில் ஒரு வித்தியாசமும் தெரியாது.

மேலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பனுக்கு அப்படித்தான் ஆனது. கேபினட்டில் இடம் போதவில்லை என்று 15 மில்லிமீட்டர் மெல்லிய ஃபேன் வாங்கி, பெட்டியோடு வந்த நீளத் திருகாணியைப் போட்டு முறுக்கினான். ஃபேன் தடிமன் குறைந்ததால் திருகாணி பத்து மில்லிமீட்டர் அதிகமாக உள்ளே போய்விட்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் கிராபிக்ஸ் கார்டின் முதுகில் பிசுபிசுப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்தான். நல்லவேளை, உடனே மெயின் சுவிட்சை அணைத்ததால் கார்டு பிழைத்தது. ரேடியேட்டர் பிழைக்கவில்லை. தத்தனேரி அண்ணன் என்னிடம் சொன்னதே அவனுக்கும் பதில்.

அதனால் நான் செய்வது இது. ரேடியேட்டரில் வைப்பதற்கு முன், ஃபேனை மட்டும் கையில் எடுத்து, அதன் ஓட்டையில் திருகாணியை முழுக்கச் செருகி, மறுபக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டு வருகிறது என்று பார்ப்பேன். பிறகு பெட்டியோடு வந்த குட்டைத் திருகாணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவேன். நீட்டிக்கொண்டிருப்பது அதைவிட நீளமாக இருந்தால் அந்தத் திருகாணி வேண்டாம். வாஷர் போடலாம், அல்லது சரியான நீளத்தில் வேறு வாங்கலாம். வேறு வாங்கும்போது மரையும் ஒன்றாக இருக்கவேண்டும். ரேடியேட்டருக்கு ரேடியேட்டர் மரை அளவு மாறும். கொஞ்சம் தடித்த திருகாணியை அழுத்தி முறுக்கினால் மென்மையான மரை வழித்துக்கொண்டு வந்துவிடும்.

ஃபேன் எந்தப் பக்கம் ஊதும் என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். சட்டத்தில் அம்புக்குறி இருந்தால் சரி. இல்லாவிட்டால், நடு மோட்டாரைத் தாங்குகிற கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, வழக்கமான ஃபேனில் அந்தப் பக்கம்தான் காற்று வெளியே வரும். இறக்கைகள் தடையில்லாமல் தெரியும் பக்கம் காற்றை உள்ளே இழுக்கும். இறக்கையைத் திருப்பி அமைத்த ஃபேன்களும் இப்போது விற்கிறார்கள், அதனால் சந்தேகம் வந்தால் ஒரு நூல் துண்டைப் பிடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. மூன்று ஃபேனும் ஒரே பக்கம் ஊத வேண்டும். ஒன்று மாறிப்போனால், பக்கத்து ஃபேன் இழுத்த சூட்டுக் காற்றை அது திருப்பி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்.

முறுக்கும்போது அப்பா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். "எல்லாத்தையும் முதல்ல விரலாலயே ஏத்து. பாதி பாதி ஏத்திட்டு, அப்புறம் எதிர்மூலை எதிர்மூலையாப் பைய முறுக்கு" என்றார். ஒரு மூலையை முதலிலேயே இறுக்கிவிட்டால் மற்ற ஓட்டைகள் நேராக வராது, மரை குறுக்கே ஏறிவிடும். டிரில் மெஷினை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஃபேன் ஆடாமல் நின்றதும் நிறுத்திக்கொள்ள வேண்டும். சட்டம் பிளாஸ்டிக், அதிகம் முறுக்கினால் வளைந்து இறக்கை உரசும்.

ஃபேனின் நான்கு மூலையிலும் ரப்பர் இருந்தால் அது ரேடியேட்டரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். இழுக்கிற முறையில் இடுக்கு இருந்தால் ஃபேன் தகடுகள் வழியாக இழுக்காமல், சுலபமான வழியாகப் பக்கத்து இடுக்கிலிருந்து கேபினட்டின் உள்காற்றையே இழுத்துக்கொள்ளும். ரேடியேட்டருக்கு வாங்கும் ஃபேனில் காற்றின் அளவை மட்டும் பார்த்து வாங்குவதும் இதே காரணத்தால் போதாது. நெருக்கமான தகடுகள் எதிர்க்கும்போதும் காற்றை நகர்த்தும் அழுத்தம் வேண்டும். அகலமான இறக்கையும், இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே மிகக் குறைந்த சந்தும் உள்ள ஃபேன்கள் அதற்கு ஏற்றவை.

வயரிங்கில் சொல்ல அதிகம் இல்லை. பிராசஸர் ஃபேனுக்கான இடத்தில் ஏதாவது ஒன்று செருகியிருக்க வேண்டும், இல்லையென்றால் பல மதர்போர்டுகள் பிழை காட்டிப் பாதியில் நின்றுவிடும். பம்பை முழு வேகத்திலேயே ஓடவிடுங்கள். கலர் விளக்கு வயரில் 5 வோல்ட் செருகியை 12 வோல்ட் இடத்தில் மாட்டிவிட்டால் விளக்குகள் கருகிவிடும்.

பம்பைப் பிராசஸரிலிருந்து எடுக்காமலே இத்தனையும் முடிந்தது. டியூப் நீளம் இருந்ததால் ரேடியேட்டரை ஸ்டூல்மேல் சாய்த்து வைத்தே வேலை பார்த்தேன். பம்பைத் தூக்கியிருந்தால் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியிருக்க வேண்டும்.

அன்று மாலை அதே கல்யாண வீடியோவை மறுபடி ஓடவிட்டேன். அறை 37 டிகிரி. பிராசஸர் 84-ல் நின்றது. நாற்பது நிமிடத்தில் எக்ஸ்போர்ட் முடிந்தது. பெரும்பகுதி பஞ்சை எடுத்ததால் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப்பின் மூன்று மாதம் கழித்து, ஆடிக் காற்றில் பஞ்சும் மண்ணும் சேர்ந்து பறந்த நாட்களிலும், அந்த எண் 85-ஐத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை அணைத்து, வலையைக் கழற்றி, ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால் ரேடியேட்டர் முகத்தை மேலிருந்து கீழாக மெல்லத் தடவுகிறேன். அச்சுக்கு அப்பா செய்ததுதான். ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை, ஒரு திருகாணியைக்கூடத் தொடுவதில்லை. புளோயரால் ஊதுகிறவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதுகிற வேகத்தில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

போன மாதம் தத்தனேரி அண்ணன் தன் மகள் கல்யாண வீடியோவைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். பட்டறையில் அவர் ரேடியேட்டரைச் சோதிக்கும் விதமே தனி. இன்ஜினை ஓடவிட்டுச் சூடானதும் அணைத்துவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை மெல்ல நகர்த்துவார். கை எங்கே குளிர்ச்சியை உணர்கிறதோ அங்கே குழாய் அடைத்திருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போடுவார். அன்றைக்கு எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோவைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய், கேபினட்டின் பின்பக்கம் காற்று வெளியேறும் ஓட்டைக்கு நேரே கையை விரித்துப் பிடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நல்லாச் சூடா வருது தம்பி" என்றார். "உள்ள தங்கல. சரி, வீடியோவைப் போடு."